பெலாயிதின் கைப்பிரேக்

"இன்னொரு தடவை, லூனாஸ் அண்ணே! வெட்டி இழுங்க!"

பழைய பெஜோ பிக்கப்பின் அடியில் மல்லாந்து கிடந்த ஹெம்முவின் குரல் பனிக்காற்றில் பாதிதான் கேட்டது. ஓட்டுநர் இருக்கையிலிருந்த பக்கத்து வீட்டுத் தையல்காரர் லூனாஸ், குடைக்காம்பு போல வளைந்திருந்த கைப்பிரேக்கின் பிடியை இரு கைகளாலும் பற்றி இழுத்தார். பின்சக்கரங்கள் அசையவில்லை.

வாசலில் நின்ற ஹெம்முவின் மனைவி ஜூஹருக்கு அந்த இழுப்பு ஒவ்வொன்றும் தன் நெஞ்சையே இழுப்பது போலிருந்தது. உள்ளே அவளுடைய தகப்பனார் பெலாயித், குளிப்பாட்டிக் கஃபன் துணி உடுத்தப்பட்டு, புறப்படக் காத்திருந்தார். விடியலில் உயிர் பிரிந்திருந்தது. மலைமேலிருக்கும் சொந்த ஊரில், மனைவியின் பக்கத்திலேயே தன்னை அடக்க வேண்டும் என்று அவர் கேட்டிருந்தார். சரி என்று மகளும் சொல்லியிருந்தாள். அங்கே கபுர்க்குழி தோண்டியாயிற்று. ஆனால் பனி கொட்டியது. வாடகைக்கு வந்த வேன் முதல் ஏற்றத்திலேயே சறுக்கியதும் அதன் ஓட்டுநர் மன்னிப்புக் கேட்டுத் திரும்பிப் போய்விட்டார். இந்தப் பனியில் அந்த மலைப்பாதையில் ஏறக்கூடிய வண்டி அத்தெருவில் இது ஒன்றுதான். இலையுதிர்காலத்தில் நோயோடு இறங்கி வந்த பெலாயித் தம் கையாலேயே அதை ஓட்டிவந்து நிறுத்தியிருந்தார். இன்று எஞ்சின் இரண்டு இருமலில் உயிர்பெற்றுவிட்டது. பின்சக்கரங்களைப் பிடித்த கைப்பிரேக் மட்டும் விடவில்லை.

லூனாஸ் தலையை வெளியே நீட்டினார். "இருட்டுறதுக்குள்ள ஆகலேன்னா இங்கேயே அடக்கிடலாம்மா. இதுவும் அல்லாவோட மண்ணுதானே."

"இந்த ஊர்ல அப்பாவுக்குத் தெரிஞ்சவங்க ரெண்டே பேரு, அண்ணே. ஒருத்தர் மருந்துக்கடைக்காரர், இன்னொருத்தர் நீங்க. அவருக்குத் துணையா பக்கத்துல வந்து படுப்பீங்களா?"

லூனாஸ் சட்டென்று மீண்டும் பிடியை இழுக்கப் போனார்.

"இழுக்காதீங்க!" என்றாள் ஜூஹர். "வாலைக் கண்ணியில மாட்டிக்கிட்ட நரி கதைதான் இது. ராத்திரி பூரா முன்னாடி இழுத்துச்சாம், முடிச்சு இறுகிக்கிட்டே போச்சாம். கடைசியில முள்ளெலி வந்து, 'ஒரு அடி பின்னாடி போ, மடையா'ன்னுச்சாம். நீங்க இழுக்க இழுக்க பிரேக் இன்னும்தானே இறுகும்?"

"நரி நானா, அண்ணனா?" என்று வண்டிக்கு அடியிலிருந்து ஹெம்மு கேட்டான்.

ஜூஹர் பனியில் படுத்து அவன் பக்கத்தில் ஊர்ந்து போனாள்.

"ஏய், வாசல்ல பொம்பளைங்க எல்லாரும் பார்க்கிறாங்க."

"பார்க்கட்டும். விளக்கைக் காட்டுங்க."

பிரேக் கம்பி தன் உறைக்குள் நுழையும் இடத்தில் ஏதோ பழுப்பாகக் கெட்டித்திருந்தது. அவள் நகத்தால் சுரண்டி மூக்கருகே கொண்டுபோனாள். பழைய ஒலிவ எண்ணெயின் காறிய வாசனை. காதுவலிக்கும், குழந்தைகளின் நெஞ்சுச்சளிக்கும், கதவுக் கீலுக்கும் பெலாயித் தம் தோட்டத்து எண்ணெயைத்தான் ஊற்றுவார். கடையில் விற்கும் எந்த எண்ணெயையும் அவர் நம்பியதில்லை. இந்தக் கம்பிக்கும் ஆண்டுதோறும் அதையே வார்த்திருக்கிறார். அது படிந்து படிந்து பிசினாகி, குளிர் கண்டதும் கல்லாகிவிட்டது.

"இதுக்குமா ஊத்தினாரு?" என்றான் ஹெம்மு. "போன மாசம் என் முழங்காலுக்கு ஊத்தினாரு. அதுவும் இப்படித்தான் மடங்காம கிடக்கு."

ஜூஹர் சிரித்தாள். காலையிலிருந்து ஒரு சொட்டுக் கண்ணீர் விடாதவள், சிரிப்பு முடியும் முன்பே முகத்தை அவன் தோளில் புதைத்துக்கொண்டாள். அவன் விளக்கை அணைத்துவிட்டு, அவள் தலை நிமிரும் வரை தோளை அசைக்காமல் கிடந்தான்.

அடுப்பிலிருந்து மண்ணெண்ணெயை வடித்து வந்தார்கள். மையித்தைக் குளிப்பாட்டக் காய்ச்சிய தண்ணீரும் சூடு ஆறாமல் அரைப்பானை மீதமிருந்தது.

"அந்தத் தண்ணியா?" என்று லூனாஸ் தயங்கினார்.

"அவரோட வண்டிக்குத்தானே, அண்ணே."

கம்பியின் உறையைச் சுற்றித் துணியைக் கட்டி, வெந்நீரை விட்டார்கள். அதன் வாயில் மண்ணெண்ணெயைச் சொட்டுச் சொட்டாக இறக்கினாள் ஜூஹர். லூனாஸ் பிடியை உள்ளே தள்ளினார். சக்கரத்துக்குப் பின்னாலிருந்த சிறிய நெம்புகோலை ஹெம்மு மரச்சுத்தியலால் தட்டினான். நூலளவு நகர்ந்து மீண்டும் நின்றது. இன்னும் வெந்நீர், இன்னும் மண்ணெண்ணெய். பழுப்புக் குழம்பு வழியத் தொடங்கியது. நான்கைந்து முறை முன்னும் பின்னும் போய்வந்த பிறகு, உறைக்குள் கம்பி வழுக்கிச் செல்லும் ஓசை கேட்டது. சக்கரங்களுக்கு அண்டைகொடுத்திருந்த கற்களின்மீது வண்டி மெல்லச் சாய்ந்தது.

"விட்டுடுச்சு!" என்று லூனாஸ் கத்தினார், பிறகு இழவு வீடு என்பது நினைவுக்கு வந்து வாயைப் பொத்திக்கொண்டார்.

பிக்கப்பின் கூடாரத்துக்குள் மையித்தைக் கிடத்திய சந்தூக்கை ஏற்றியதும் ஜூஹர் ஓட்டுநர் இருக்கையில் ஏறினாள்.

"அடக்கத்துக்குப் பொம்பளைங்க வர்றதில்லையேம்மா," என்றார் லூனாஸ்.

"நான் அடக்கத்துக்கு வரல, அண்ணே. வண்டிக்கு வர்றேன். இதோட ரெண்டாவது கியர் எங்கே ஒளிஞ்சிருக்குன்னு உங்க ரெண்டு பேர்ல யாருக்காவது தெரியுமா?"

ஆண்கள் இருவரும் பின்னால் ஏறிச் சந்தூக்கைப் பற்றிக்கொண்டார்கள்.

வண்டி முனகிக்கொண்டே ஏறியது. வேனை மடக்கிய ஏற்றத்தைக் கடந்தது. பாலத்தருகே பின்பக்கம் ஒருமுறை விலகி, மீண்டும் பாதைக்கு வந்தது. மேலே போகப் போகப் பனி தடித்தது. கடைசி வளைவுதான் ஜூஹரின் கவலை. சாதாரணக் குளிர்காலத்திலேயே அங்கே முழங்காலளவு பனி கிடக்கும். நின்றால் நின்றதுதான். வேகத்தைக் குறைக்காமல் வண்டியைத் திருப்பினாள்.

வெள்ளை மலையின் நடுவே சாலை கறுப்பாகக் கிடந்தது.

ஊரில் ஒரு சாவு என்றால் வீட்டுக்கு ஓர் ஆள் வேலைக்கு வந்தாக வேண்டும். வராதவன் ஊர்ச்சபைக்குத் தண்டம் கட்ட வேண்டும். கபுர் வெட்டியதோடு அந்த வேலை முடிந்துவிட்டது. ஆனால் ஒருவரும் வீடு திரும்பவில்லை. ஊர்வாசலிலிருந்து இந்த வளைவு வரை பனியை வாரித் தள்ளிவிட்டு, மண்வெட்டிகளுடன் இரு ஓரமும் நின்றார்கள். அவர்களின் மூச்சு புகையாய் எழுந்தது.

சபைத் தலைவர் காசி கண்ணாடியைத் தட்டினார். ஓட்டுநர் இருக்கையில் ஒரு பெண்ணைக் கண்டு பின்னால் உட்கார்ந்திருந்த ஆண்களை எட்டிப் பார்த்தார்.

"பெலாயித் வந்துட்டாரா?"

"வந்துட்டாரு, மாமா."

"நேரமாயிடுச்சு. நிக்காம போ, தாயி."

அவர் விலகினார். ஆண்கள் மண்வெட்டிகளைத் தோளில் சாத்திக்கொண்டு வண்டியின் பின்னால் நடக்கத் தொடங்கினார்கள். ஜூஹர் பக்கக் கண்ணாடியில் அவர்களைப் பார்த்தாள். முதல் கியருக்கு மாற்றி, அவர்கள் நடையின் வேகத்துக்கே வண்டியை ஓட்டினாள்.