நெற்றியில் ஒட்டிய கை

ரத்தப் புற்றுநோய்க்கான இரண்டரை வருடச் சிகிச்சை முடிந்து, கடைசி மாத்திரையையும் மகள் விழுங்கிய மறுநாள் காலையில், இஸ்திரிக்காரியின் இடது உள்ளங்கை மகளின் நெற்றியில் ஒட்டிக்கொண்டது. காய்ச்சல் இருக்கிறதா என்று பார்க்கத்தான் வைத்தாள். எடுக்க வரவில்லை. பெயிண்டரான கணவன் சோப்புத் தண்ணீர், எண்ணெய் எல்லாம் தடவிப் பார்த்தான். டர்பன்டைன் பாட்டிலை எடுத்தபோது அவள் முறைத்த முறைப்பில் அப்படியே கீழே வைத்துவிட்டான்.

தெருவில் யாருக்கும் இது பெரிய அதிசயமாகப் படவில்லை. சிகிச்சை நடந்தபோது அவள் பயப்படாமல் இருந்ததுதான் அவர்களுக்கு அதிசயம். அப்போது ஊசி, மருந்து, பரிசோதனை என்று அவளுக்குப் பயப்படக்கூட நேரமில்லை. முடிந்ததும் டாக்டர், "இனி மூணு மாசத்துக்கு ஒரு தடவை வந்தா போதும்," என்றார். வார்டில் எல்லோரும் கைகுலுக்கினார்கள். அவளுக்கோ நடுக்கடலில் இறக்கிவிட்டுக் கரை வந்துவிட்டது என்று சொன்ன மாதிரி இருந்தது. சூடு என்றால் அவளுக்கு அத்துப்படி. நைலானுக்கு எவ்வளவு, பருத்திக்கு எவ்வளவு என்று பெட்டியருகே விரலைக் கொண்டுபோயே சொல்லிவிடுவாள். மகளின் நெற்றியில் மட்டும் அந்தத் தேர்ச்சி உதவவில்லை. எந்தச் சூடும் நோய் திரும்பி வருகிற சூடாகவே பட்டது. சோறு இறங்கவில்லை. மகள் பள்ளிக்கூடத்தை மறந்து, இஸ்திரி மேசைக்குப் பக்கத்தில் ஸ்டூலில் உட்கார்ந்திருந்தாள்.

சிகிச்சை முடித்த வீடுகளுக்கு மாதம் ஒருமுறை போய்வரவென்றே ஆஸ்பத்திரியில் ஒரு நர்ஸ் இருந்தாள். ஒட்டிய கையைப் பார்த்து அவள் புருவத்தைக்கூட உயர்த்தவில்லை. இன்னொரு வீட்டில் ஒரு அப்பா ஆஸ்பத்திரிப் பையைத் தோளிலிருந்து இறக்க முடியாமல் அதோடேயே குளிக்கிறார் என்றாள்.

"மருந்து போய்க்கிட்டு இருந்தவரைக்கும் அது காவல் இருந்துச்சு. இப்போ நீங்க நிக்கிறீங்க. பிடிச்சு இழுக்காதீங்க, தானா நீளும்."

"கழண்டு வராதா?"

"சிலருக்கு வரும். நீளுறதுதான் அதிகம்."

ஒருநாள் மகள், "அம்மா, எனக்கு சரியாயிடுச்சு. உனக்குத்தான் இன்னும் ஆகல," என்றாள். அன்றுதான் கை முதன்முதலாக ஒரு முழம் நீண்டது. நர்ஸ் டேப் வைத்து அளந்து, குழந்தையின் எடைக்குப் பக்கத்திலேயே அதையும் எழுதிக்கொண்டாள். ஆறு மாதத்தில் கை வாசலைத் தாண்டி, தெருவைக் கடந்து, பள்ளிக்கூட ஜன்னல் வழியாக மூன்றாவது பெஞ்ச் வரை போயிற்று. சைக்கிள்காரர்கள் குனிந்து போனார்கள். எதிர்வீட்டுக்காரி அனுமதி கேட்டுவிட்டு அதில் துண்டு காயப்போட்டாள்.

அப்புறம் ஒருநாள் உள்ளங்கை கொதித்தது. பெட்டியை யாருடைய வெள்ளைச் சட்டையிலோ அப்படியே விட்டுவிட்டு, தன் கையைப் பிடித்துக்கொண்டே அது போன வழியே ஓடினாள். காய்ச்சல்தான். அதே வார்டு, அதே பச்சைத் திரை, ரத்தம் எடுக்கிற அதே குப்பிகள். மூன்று நாள் அவள் உட்காரவேயில்லை. சாதாரணச் சளி என்று முடிவு வந்தபோது கை சுருங்கி ஒரு சாண் ஆகியிருந்தது. கன்னத்தோடு கன்னம் ஒட்ட, தாயும் மகளும் வீடு திரும்பினார்கள்.

"சாண் ஏறினா முழம் சறுக்கத்தான் செய்யும். அதுக்குத்தான் நான் வர்றேன்," என்று நர்ஸ் மறுபடி டேப்பை எடுத்தாள். கணவன் சட்டைக்காரரிடம் மன்னிப்புக் கேட்கப் போயிருந்தான்.

ஐந்தாவது வருடம் டாக்டர், குணமாகிவிட்டது என்று வாய்விட்டே சொன்னார். கை கழலவில்லை. மகள் படித்து முடித்து வேறு ஊருக்கு வேலைக்குப் போனாள். கை கூடவே போயிற்று. ரயில்வே கேட்காரர் அதைக் கழியால் தூக்கிப் பிடித்துக்கொண்டு ரயிலை அனுப்புகிறார். மழைக்காலத்தில் முழங்கைக்கு மேல் கொஞ்சம் ஜில்லென்று இருக்கும் என்பதைத் தவிர அவளுக்குப் புகார் இல்லை.

போன மாதம் ஒரு மத்தியானம், துணிக்குக் காத்திருந்தவர் பார்த்துக்கொண்டிருக்கும்போதே அவள் முகம் வெளிறியது. உள்ளங்கை சுட்டது. பெட்டியை ஓரமாக நிமிர்த்தி வைத்துவிட்டு, கண்ணை மூடிக்கொண்டு நின்றாள். கால்கள் ஓடத் தயாராக இருந்தன. ரொம்ப நேரம் அப்படியே நின்றாள்.

"அங்க வெயில் போல," என்றாள் கடைசியில். "தொப்பி போடுன்னா கேக்கவே மாட்டா."

பெட்டியை எடுத்துச் சட்டையின் மற்றொரு கையைத் தேய்த்தாள்.