காலையில் சாப்பிடாதவர்கள்

'பதற்றமாக இருக்கிறீர்கள். மூச்சை மெல்ல இழுத்து விடுங்கள்' என்று கைக்கடிகாரம் மணிக்கட்டில் அதிர்ந்தது. என்ன சொல்கிறதென்று அவன் குனிந்து படித்த அந்த நேரம் பார்த்து கார் பின்னால் போய்க்கொண்டிருந்தது. கேட் ஒரு முறை முனகியது. பிறகு கீல் பெயர்ந்து, களைத்துப்போய் வந்த விருந்தாளியைப் போல காரின் முதுகில் சாய்ந்துகொண்டது. கடிகாரம் விடவில்லை. 'நன்றாகச் செய்கிறீர்கள்' என்று பாராட்டியது.

அவன் இறங்கி கேட்டைப் பார்த்தான். காரைப் பார்த்தான். யாரையாவது திட்டலாமென்று தெருவின் இரண்டு பக்கமும் பார்த்தான். வசதியாக ஒருவரும் அகப்படவில்லை. சட்டைப் பையில் போன் சிணுங்கியது.

பார்சல் கம்பெனி வண்டிகள் நேரத்துக்குப் போய்ச் சேர்கின்றனவா என்று பார்ப்பது அவன் வேலை. தாமதமாகும் ஒவ்வொரு வண்டிக்கும் போனில் ஒரு சிவப்புப் புள்ளி முளைக்கும். அவன் குளிக்கும்போது முளைக்கும். மகள் பள்ளி மேடையில் ஆடும்போதும் முளைக்கும். எங்கோ ஒரு டிரைவர் டீ குடிக்க ஒதுங்கினால் இங்கே இவனுக்கு நெஞ்சு படபடக்கும். வேலையை மாற்றச் சொல்லிவிட்டார் டாக்டர். "விட்டுத் தொலைங்க, பாத்துக்கலாம்" என்று மனைவியும் சொல்லிவிட்டாள். இன்று மேலாளரைப் பார்த்து, வேலையை விடுகிறேன் என்று சொல்லிவிடுவதாக முடிவு. பாக்கி, அப்பா மட்டும்தான்.

தலை பாதி நரைத்த பிறகும் அப்பாவிடம் கேட்க வேண்டியிருக்கிறதே என்று அவனுக்கே வெட்கம். ஆனால் அவர் துறைமுகத்தில் கிரேன் ஓட்டியவர். கப்பலிலிருந்து சரக்கைத் தூக்கி, கீழே நிற்கும் ஆட்களின் தலைக்கு மேலாகக் கொண்டுபோய் இறக்குகிற வேலை. ஓய்வு பெறும்வரை அதே உயரம், உட்கார்ந்து ஓட்டும் அதே கூண்டு. அப்படிப்பட்ட மனிதரிடம் போய், போனில் புள்ளி வருகிறது, பயமாக இருக்கிறது என்று எந்த முகத்தோடு சொல்வது? அதனால் கொஞ்ச நாளாகச் சுற்றி வளைத்துக் கேட்டுக்கொண்டிருந்தான். "உங்க காலத்துல டென்ஷன் அதிகமாப்பா, இப்பவா?"

"இப்பதான்டா. எங்க கடிகாரம் மணி மட்டும்தான் சொல்லும்" என்பார் ஒரு நாள். இன்னொரு நாள், "டென்ஷனா? அந்த வார்த்தையையே ரிட்டயர் ஆனப்புறம்தான் கேள்விப்பட்டேன்" என்பார். அவனும் சிரித்துவைப்பான்.

சத்தம் கேட்டு அப்பா பனியனோடு வெளியே வந்தார். கேட்டை நிதானமாகப் பார்த்தார்.

"பின்னாடி கேட் இருக்குன்னு உன் கடிகாரம் சொல்லலியா?"

அவனுக்குச் சிரிப்பு வரவில்லை. இருவரும் கேட்டைத் தூக்கிச் சுவரோரம் கொண்டுபோனார்கள். பாதி வழியில் அப்பா கையை எடுத்துக்கொண்டு, தள்ளி நின்று வழி சொல்ல ஆரம்பித்தார். "கொஞ்சம் உள்ள. மெதுவா. மெதுவா." எதையோ பிடித்திருப்பதுபோல விரல்கள் மடங்கி, அவருடைய வலது கை காற்றில் கொஞ்சம் கொஞ்சமாகக் கீழே இறங்கியது. "ம், விடு." கேட் சத்தமில்லாமல் தரையைத் தொட்டது.

"வெறும் வயித்தோட வண்டி எடுத்தா இப்படித்தான்" என்றாள் வாசலில் நின்ற அம்மா. உள்ளே போனதும் அவன் முன்னால் தட்டை வைத்தாள். அவன் தள்ளி வைத்தான்.

"வேணாம்மா. இறங்காது."

"அப்பனுக்குத் தப்பாத பிள்ளை. வேலைக்குப் போற நாள்ல இவரு என் கையால ஒரு வாய் தின்னதில்ல. ஞாயித்துக்கிழமை மட்டும் எப்படித்தான் ருசிச்சுதோ."

அது வீட்டின் பழைய வேடிக்கை. 'இவ சமையல் வெயில் ஏறினாத்தான் பக்குவமாகும்' என்று அப்பா சொந்தக்காரர்கள் மத்தியில் சொல்வார்; எல்லோரும் சிரிப்பார்கள், அம்மாவும்தான். ஆனாலும் விடியற்காலையில் அவள் தட்டு வைக்கத் தவறியதில்லை. உப்பைக் குறைத்துப் பார்ப்பாள், சூட்டைக் கூட்டிப் பார்ப்பாள். அவர் செருப்பு மாட்டும் சத்தம் கேட்டதும் தட்டை அப்படியே உள்ளே எடுத்துப் போவாள். பாயில் படுத்தபடி சின்ன வயதில் அவன் கேட்டு விழித்த முதல் சத்தங்கள் அவை.

"நான் வேலைய விடப்போறேன்ப்பா" என்றான், திடீரென்று.

"கேட்ட இடிச்சதுக்கா? அவ்வளவு பெரிய தண்டனை வேணாம்டா."

"விளையாடாதீங்கப்பா. எனக்குக் காலைல சோறு இறங்கல. போன எடுக்கவே பயமா இருக்கு. நீங்க அத்தன வருஷம் அந்தக் கூண்டுல உக்காந்தீங்க. ஒரு நாளாவது உங்களுக்கு இப்படி இருந்துச்சா? இல்லன்னா இல்லன்னு சொல்லிடுங்க. நான் கோழைன்னு தெரிஞ்சிக்கிட்டுப் போறேன்."

அப்பா அடுத்த வேடிக்கையைத் தேடுவது முகத்தில் தெரிந்தது. கிடைக்கவில்லை. கண்ணாடியைக் கழற்றி மேசைமேல் வைத்தார்.

"சாப்பிட்டா வாந்தி வந்துடும்" என்றார்.

தட்டை எடுத்துக்கொண்டு உள்ளே போகவிருந்த அம்மா திரும்பினாள்.

"சேர்ந்த புதுசுல, கல்யாணத்துக்கு முன்னாடி, சாப்பிட்டுட்டுத்தான் போவேன். ஏணிகிட்ட போறப்பவே வயிறு பிரட்டும். ஷெட்டுக்குப் பின்னால போயி வாந்தி எடுத்துட்டு, வாயக் கழுவிட்டு ஏறிடுவேன். ஒரு நாள் மேலயே வந்துடுச்சு. கை, சரக்க இறக்குற லீவர்ல இருக்கு. சரக்கு தொங்குது. கீழ ஆளுங்க. கைய எடுக்க முடியல. சட்டை மேலயே..." நிறுத்திக்கொண்டார். "அதுலேர்ந்து வெறும் வயிறுதான்."

"எது வரைக்கும்ப்பா?"

"கடைசி நாள் வரைக்கும்."

அம்மா கேட்டாள், மிகவும் தணிந்த குரலில். "என்கிட்ட ஒரு வார்த்த சொல்லியிருக்கலாம்ல?"

"சொன்னா நீ வேலைக்குப் போகாதீங்கன்னு சொல்லியிருப்ப." அவர் அவளைப் பார்க்காமல் மேசையைப் பார்த்துச் சொன்னார். "நானும் நின்னிருப்பேன்."

பிறகு மகன் பக்கம் திரும்பினார்.

"நீ போகாத."

அவன் பையில் போன் ஒரு முறை அதிர்ந்தது. அவன் அதை எடுக்கவில்லை. எடுத்த தட்டை எங்கே வைப்பதென்று தெரியாமல் அம்மா கையிலேயே வைத்துக்கொண்டு நின்றாள். அவளுக்கு எதிரே, அப்பாவின் வலது கை, விரல்கள் மடங்கியபடி, மேசையை நோக்கி மெல்ல மெல்ல இறங்கிக்கொண்டிருந்தது.