நம்ப ஏலாத இடம்

எங்கள் வாசகர் வட்டத்தில் ஒரு வழக்கம் உண்டு. பேய், ஜின், ராக்கெட் என்று எதை வாசித்தாலும், கடைசியில் ஒவ்வொருவரும் ஒரு கேள்விக்குப் பதில் சொல்ல வேண்டும்: இந்தப் புத்தகத்தில் உங்களால் நம்ப ஏலாத இடம் எது? எங்கள் எல்லோருக்கும் காக்காவான, அதாவது அண்ணனான, முஸ்தாக் போட்ட சட்டம் இது. கல்முனையில் அவருடைய மருந்துக்கடைக்கு மேலே உள்ள அறையில்தான் மாதமொரு தடவை கூடுகிறோம். எனவே சட்டம் போடும் உரிமையும் அவருக்கே. ஜின் வரும் நாவல்களில் ஜின்னை நம்ப ஏலாது என்று இதுவரை ஒருவரும் சொன்னதில்லை. அது பேசும் தமிழைத்தான் குறை சொல்வோம்.

இந்த மாதம் றிபாஸ் தெரிவு செய்த விஞ்ஞான நாவல். பூமி வெந்துபோகிறது. மிஞ்சியவர்களை ஏற்றிக்கொண்டு ஒரு கப்பல் வேறு கிரகத்துக்குப் புறப்படுகிறது. அங்கே யாருக்கும் காணி இல்லை, வேலி இல்லை, வீடு இல்லை. எல்லோரும் கப்பலுக்குள்ளேயே குடும்பம் நடத்துகிறார்கள். எனக்குப் பாதியில் நித்திரை வந்தது, மறைப்பானேன். வங்கியில் வேலை செய்யும் றிபாஸுக்கோ அது தலையில் தூக்கிவைத்துக் கொண்டாடும் புத்தகம்.

முதலில் முஸ்தாக் சொன்னார்.

"ஏழு வருசம் கப்பல்ல போறாங்க. ஒருத்தனும் குடிக்க ஒரு பிளேன்டி கேக்கல்ல. அத என்னால நம்ப ஏலா."

பெரியநீலாவணையிலிருந்து வரும் கணித ஆசிரியை தர்மிகா, கப்பலின் வேகத்தைப் போட்டுப் பார்த்ததாகவும் கணக்கு உதைப்பதாகவும் சொன்னாள். நான், கப்பல் தலைவன் மனைவியிடம் "பிழை என்னுடையதுதான்" என்று சொல்லும் பக்கத்தைச் சொன்னேன். எல்லோரும் சிரித்தார்கள். றிபாஸும் சிரித்தான்.

அடுத்தது ஆகிலாவின் முறை. ஆகிலாவுக்கும் றிபாஸுக்கும் கலியாணம் பேசி முடித்து மூன்று வருடமாகிறது. எங்கள் பக்கத்தில் மாப்பிள்ளை பெண்ணின் வீட்டுக்குத்தான் போய்க் குடியிருப்பார். பெண்ணுக்கென்று ஒரு வீடு எழும்பாமல் நிக்காஹ் கிடையாது. ஆகிலாவின் வாப்பாவுக்குச் சாகாமத்தில் வயல். இரண்டு போகம் வெள்ளம் கொண்டுபோனதில் வீடு ஜன்னல் மட்டத்தோடு நின்றுவிட்டது. கல்லில் இப்போது பாசி படர்ந்திருக்கிறது. இதெல்லாம் எங்கள் எல்லோருக்கும் தெரியும், ஆனால் அந்த அறையில் நாங்கள் அதைக் கதைப்பதில்லை.

"கப்பல் வெளிக்கிடுற இடம்," என்றாள் ஆகிலா. "கதாநாயகி ஒரு பையோட மட்டும் வந்து நிக்கிறாள். 'நீ என்ன கொண்டுவந்தாய் என்று நான் கேட்கவில்லை, ஏறு' எண்டு சொல்லிக் கதாநாயகன் அவள்ர கையப் புடிக்கான். அத என்னால நம்ப ஏலா."

றிபாஸ் கதிரையில் நிமிர்ந்தான். "அந்த இடந்தான் இந்தப் புத்தகத்துர உயிரே. வாசிக்கக்குள்ள எனக்குக் கண் கலங்கிட்டு."

"மெய்யாவா?"

"மெய்யாத்தான். இப்படிக் கதை வாசிக்கிறதெண்டா கொஞ்சம் மனசு விரியணும், ஆகிலா. இந்த உலகத்துக் கணக்க வெச்சி அந்த உலகத்த அளக்க ஏலா."

நன்றாகத்தான் சொன்னான். றிபாஸ் எப்போதும் நன்றாகச் சொல்லக் கூடியவன். தர்மிகாகூடத் தலையாட்டினாள்.

"அப்ப வாற மாசம் நிக்காஹ் வெச்சிக்குவமா?" என்று ஆகிலா கேட்டாள். பஸ் எத்தனை மணிக்கு என்று விசாரிக்கிற குரல்தான். "வாடகைக்கு ரெண்டு அறை எடுப்பம். நான் ஒரு பையோட வாறன்."

கீழே கடையில் யாரோ இருமலுக்குப் பாணி மருந்து கேட்பது எங்கள் காதில் விழுந்தது. முஸ்தாக் எழுந்து போய்ப் பார்த்திருக்கலாம், போகவில்லை.

"இது நாவலப் பத்திக் கதைக்கிற இடம்," என்றான் றிபாஸ்.

"நானும் நாவலப் பத்தித்தான் கதைக்கன்."

"வாடகை வீட்டுக்கு மாப்புள போனா ஊர் என்ன சொல்லும்? எங்கட உம்மாட வீட்ட இருப்பமெண்டா, அது என்ட தங்கச்சிக்குக் குடுக்கிற வீடு." என் பக்கம் திரும்பினான். "நீங்க சொல்லுங்க, றாஹிலா ராத்தா."

என் வாப்பா கட்டித் தந்த வீட்டில்தான் என் கணவர் இருபது வருடமாகச் சாய்வு நாற்காலி போட்டுப் படுத்திருக்கிறார். நான் என்னத்தைச் சொல்ல? றிபாஸ்மீது எனக்குப் பொல்லாத கோபம் வந்தது. கொஞ்சம் இரக்கமும் வந்தது, அதனால் கோபம் இன்னும் கூடியது.

ஆகிலா அவனை அவசரப்படுத்தவில்லை. "ஊர விடுங்க. அந்த இடத்த நீங்க நம்புறீங்களா, இல்லையா? அதத்தான் கேக்கன்."

சற்றுமுன் வானத்தையே தாண்டிப் போய்வந்த மனிதன் தரையைப் பார்த்துக்கொண்டிருந்தான்.

"உம்மாட்டக் கேக்கணும்," என்றான் கடைசியில்.

ஆகிலா தலையசைத்தாள். கண் நிறைந்திருந்தது, துடைக்கவில்லை. அவனிடம் இரவல் வாங்கியிருந்த நாவலைப் பையிலிருந்து எடுத்து அவன் முன்னால் வைத்தாள். பிறகு முஸ்தாக்கைப் பார்த்தாள், சட்டம் அவருடையதல்லவா.

"எங்க ரெண்டு பேருக்கும் ஒரே இடந்தான், காக்கா," என்றாள்.

அவள் படியிறங்கிப் போனாள். அடுத்தது றிபாஸின் முறை. முஸ்தாக் அவனிடம் கேட்கவில்லை.