காலி பாட்டில்

அந்த உவமை வாயில் வந்தபோது குமரகுருபரனுக்குத் தன்னை நினைத்தே பெருமையாக இருந்தது. அது 1989. பாளையங்கோட்டைக் கல்லூரியில் இயற்பியல் வாத்தியாரான அவரை, அணுமின் நிலையம் வரப்போகும் கடலோர ஊருக்கு அதிகாரிகள் அழைத்துப் போயிருந்தார்கள், சனங்களுக்கு விளங்கும்படி பேசுவார் என்று. உலையில் எரிந்து தீர்ந்த எரிபொருளை என்ன செய்வீர்கள் என்று கூட்டத்தில் யாரோ கேட்டார்கள்.

"சோடா குடிச்சா காலி பாட்டிலைக் கடைக்காரன் திருப்பி வாங்கிக்கிடுதாம்லா? அது மாதிரி ரஷ்யாக்காரன் கப்பல்ல ஏத்திக் கொண்டு போயிருவான். ஒப்பந்தத்துலயே இருக்கு."

சனங்கள் சிரித்துக் கைதட்டினார்கள். இஞ்ஞாசியம்மாள் என்ற கைம்பெண் முதல் ஆளாக எழுந்து வந்து, தன் பனங்காட்டைக் கொடுக்கச் சம்மதித்துக் கையெழுத்துப் போட்டாள்; பாட்டில் கதையைச் சொல்லி மற்றவர்களையும் போட வைத்தாள். வேண்டாம் என்று மன்றாடிய அவள் அண்ணன் தொம்மை, அன்றிலிருந்து அவள் வீட்டுப் படி மிதிக்கவில்லை.

ஒன்பது வருஷம் கழித்து ஆடி மாதத்தில் ஒருநாள், புது ஒப்பந்தம் பற்றிய செய்தியைக் குமரகுருபரன் பேப்பரில் வாசித்தார். தீர்ந்த எரிபொருள் திரும்பிப் போகாதாம், இங்கேயே இருக்குமாம். திருநீறு பூசப்போன கை அப்படியே நின்றுவிட்டது. நாங்குநேரி வழியாகப் போகும் முதல் பஸ்ஸைப் பிடித்தார்.

இஞ்ஞாசியம்மாளுக்கு விஷயம் முன்பே தெரிந்திருந்தது.

"ஊரே சொல்லிச் சிரிக்குது சார். பொய் சொல்லி ஊரைக் கெடுத்தவ நாந்தாம்னு சொல்லுதாவ. நீங்க சொன்னதத்தானே நான் சொன்னேன்? எங்க அண்ணங்கிட்ட மட்டும் அத ஒரு வார்த்தை சொல்லிருங்க. வீட்டுக்கு வந்தாலும் வருவாக."

காற்றுக்குப் பயந்து கரையேற்றியிருந்த வள்ளத்தின் நிழலில் தொம்மை உட்கார்ந்திருந்தார்.

"யாரு, சோடா பாட்டில் சார்வாளா? வாரும், வாரும்."

"அண்ணாச்சி, உங்க தங்கச்சி பொய் சொல்லல. நான் சொன்னதைத்தான் நம்பினா."

"அது கெடக்கட்டும். காலி பாட்டிலை இங்கயே பூட்டி வைப்பாவளாம்லா, எதுக்கு வே?"

"காலி இல்லை. அதுல குண்டு செய்யுத சரக்கு மிச்சமிருக்கு. அதான் வித்தவனே எடுத்துக்கிடணும்னு முந்தி எழுதினாங்க. இனி இங்கயே இருக்கும். குண்டுக்குப் போகலையேன்னு வெளிநாட்டுலருந்து ஆள் வந்து எண்ணிப் பார்த்து சீல் வைப்பாங்க."

"அப்படியே எங்க கடலையும் ஒரு எட்டுப் பார்ப்பாவளா?"

"இல்ல. அது அவங்க வேலை இல்ல."

"எவன் ஊர்லயோ குண்டு விழக் கூடாதுன்னு சீலு. நல்லாருக்கு." தொம்மையின் சிரிப்பு நின்றது. "இந்தச் சரக்கு சங்கதி அண்ணைக்கே உமக்குத் தெரியுமா?"

"தெரியும்."

"ஏன் சொல்லல?"

"சனங்க பயந்துருவாங்கன்னு..."

இரக்கப்பட்டுத்தான் மறைத்தார். சொல்லும்போது அவர் காதுக்கே அது கேவலமாகக் கேட்டது.

தொம்மை கடலைப் பார்த்தபடி சொன்னார்: "அவ பொய் சொல்லலன்னு எனக்கும் தெரியும் வே. கூடப்பொறந்தவன் நான், அவ காலப் பிடிக்காத குறையாக் கெஞ்சுனேன். உம்ம ஒத்தச் சொல்லுக்கு என்னத் தள்ளிட்டா. எம் பொண்டாட்டி செத்ததுக்கும் நான் அவளுக்குச் சொல்லி விடல. இனி என்னத்தப் பேச? போவும்."

திரும்பி நடக்கையில் வார்த்தைகள் தாமாக வந்து நாக்கில் நின்றன. 'அண்ணன் மனசு இளகிட்டாரும்மா. பைய வருவார்.' எவ்வளவு எளிது! கேட்டவள் முகம் மலரும். கூட்டத்தில் பேசிய நாக்கும் இதே நாக்குதான். குமரகுருபரன் வழியில் நின்று, "முருகா, இந்த ஒரு தடவையாவது" என்று வேண்டிக்கொண்டார்.

அவள் வாசலிலேயே நின்றுகொண்டிருந்தாள்.

"வருதாகளா சார்?"

"இல்லம்மா. வரமாட்டாராம்."

அவள் அழுவாள், ஏசுவாள் என்று நினைத்தார். முந்தானையால் முகத்தை ஒருதரம் துடைத்துக்கொண்டு உள்ளே போய், ஒரு செம்பில் மோர் கொண்டுவந்து நீட்டினாள்.

"வேகாத வெயில்ல நடந்திருக்கிய. குடிங்க."

வாங்கக் கை எழவில்லை அவருக்கு. அவர் வாங்கும்வரை அவள் நீட்டிய கையை மடக்கவில்லை.