காரீயம் ஏறிய பால்

"அங்கியே நில்லு! கொட்டாய்க்குள்ள கால வெக்காத!"

மாமியார் நஞ்சம்மாள் போட்ட கூச்சலில் கோகிலவாணி வெளியிலேயே நின்றுவிட்டாள். உள்ளே ஜெர்சி மாடு சுவரில் தலையை முட்டுக்கொடுத்து நின்றது. பல்லை நறநறவென்று கடித்தது. கண் திறந்திருந்தும், நீட்டிய புல் அதற்குத் தெரியவில்லை.

"டாக்டர கூப்புடுங்க அத்தை. ரெண்டு நாளா இப்படியேதான் நிக்குது."

"தாலியறுத்தவ மொகத்துல முழிச்சா மாடு வேற எப்படி நிக்கும்?"

கோகிலவாணியின் புருஷன் லாரி மோதிச் செத்து நாலு வருஷம். அன்றிலிருந்து கொட்டாய் அவளுக்கு விலக்கு. வீட்டில் யார் கிளம்பினாலும் அவள் எதிரில் வரக்கூடாது. பிறந்த வீட்டில் கொடுத்த நாட்டு மாடு ஒன்றுதான் அவள் பங்கு. அதை வாசலோரம் தனியே கட்டி, தினமும் சித்தேரி மலையடிவாரத்துக்கு ஓட்டிப்போய் மேய்த்து வருவாள்.

கொட்டாயை ஒட்டித்தான் கொழுந்தன் மாதவராஜ் பழைய பேட்டரிகளை உடைத்துக் காரீயத் தகடு எடுத்துக்கொண்டிருந்தான். கருந்தூள் தீவனத் தொட்டியில் விழும். கழுவிய தண்ணீர் மாட்டுப் புல்லுக்குப் பாயும். அந்த மாடுகளின் பால்தான் சொசைட்டிக்கும் அவன் குழந்தைக்கும் போனது. "இது மாட்டுக்கு ஆவாது தம்பி" என்று தை மாசமே சொல்லிப் பார்த்தாள்.

"ஒங்க வேலயப் பாருங்க அண்ணி" என்று வாயை அடைத்துவிட்டான்.

மறுநாள் மத்தியானம் மாடு செத்தது. கால்நடை டாக்டரம்மா வந்து உடலை அறுத்துப் பார்த்து ஈரலில் ஒரு துண்டு எடுத்தார். மற்ற மாடுகளின் ரத்தமும் பாலும் சோதனைக்குப் போயின. அந்த வெள்ளிக்கிழமையே நஞ்சம்மாள் பூசாரியை வரவழைத்துக் கொட்டாய்க்குக் கண்ணேறு போகக் கழிப்பு எடுத்தாள். அது முடியும்வரை கோகிலவாணி வெயிலில் தெருக்கோடியில் நிற்க வேண்டியிருந்தது.

மூன்று வாரம் கழித்து டாக்டரம்மா காகிதத்தோடு வந்தார்.

"செத்த மாட்டு ஈரல் முழுக்கக் காரீயம். கொட்டாய்ல கட்டியிருக்கற இன்னொரு மாட்டுப் பால்லயும் இருக்கு. அத சொசைட்டிக்கு ஊத்தாதீங்க, கொழந்தைக்கும் குடுக்காதீங்க. பாப்பாவுக்கு ரத்தம் டெஸ்ட் பண்ணிருங்க. பேட்டரி வேல இங்க இனிமே கூடாது. மேய்ச்சலுக்குப் போற மாட்டுப் பால்ல பயப்பட ஒண்ணுமில்ல."

மாதவராஜ் தலையைக் குனிந்துகொண்டான். நாலு வருஷப் பழிக்கு இப்போதாவது ஒரு வார்த்தை வருமென்று கோகிலவாணி காத்திருந்தாள். டாக்டரம்மாவின் வண்டி தெரு திரும்பியதும் நஞ்சம்மாள் வாயைத் திறந்தாள்.

"பேட்டரி ஊர்ல எங்கியும் இல்லியா? நம்ம மாட்டுக்கு மட்டும் ஏன் ஏறுச்சு? எல்லாம் இவ கண்ணு."

கோகிலவாணி தன் மாட்டை அவிழ்த்துக்கொண்டு மலைப்பக்கம் நடந்தாள். எந்தக் காகிதத்தைக் காட்டினால் இவர்களுக்கு விளங்கும்?

சாயங்காலம் மாதவராஜின் பெண்டாட்டி சசிகலா சொம்போடு வந்து தயங்கி நின்றாள்.

"அக்கா, பாப்பாவுக்குப் பால்... என்னையே கறந்துக்கச் சொன்னாங்க அத்தை. அதுவரைக்கும் நீங்க உள்ள இருக்கணுமாம்."

கோகிலவாணி சொம்பை வாங்கித் தானே கறந்து, நிறைத்துக் கொடுத்தாள்.

"பாப்பா என்ன பண்ணுச்சு? அதுக்கு எப்பவும் பால் உண்டு. ஆனா நாளையிலேர்ந்து வெடியக்காலம் அத்தையே வந்து வாங்கட்டும். மொத ஆளா."

பொழுது விடியும்போது நஞ்சம்மாள் வந்தாள். தரையைப் பார்த்தபடியே சொம்பை நீட்டினாள். கோகிலவாணி கறந்து முடித்துவிட்டு, பாலைக் கையில் வைத்துக்கொண்டே நின்றாள்.

"நிமிந்து பாருங்க அத்தை."

வீட்டுக்குள் குழந்தை அழுதது. நஞ்சம்மாள் நிமிர்ந்து பார்த்தாள். சொம்பு கை மாறியது.

போகிற வழியில் குழாயடியில் நின்று, சொம்பைக் கீழே வைத்துவிட்டு நஞ்சம்மாள் முகத்தைத் தேய்த்துத் தேய்த்துக் கழுவினாள். கோகிலவாணி அதைப் பார்த்துக்கொண்டுதான் இருந்தாள்.

"நாளைக்கும் இதே நேரத்துக்கு வாங்க அத்தை" என்றாள், தெருவுக்கே கேட்கும்படி.