ஈரத் தோலும் தமிழ்ப் பாட்டும்

"மச்சான், நீயே கையெழுத்துப் போடலேன்னா ஊர்ல வேற யாரு போடுவா?" என்று கேட்டார் பரக்கத் அலி.

பெரிய கடைவீதியில் குடைக்கடை வைத்திருப்பவர். நசுருதீனின் மனைவி நஜீமாவுக்கு அண்ணன். ரேடியோ நிலையத்துக்கு ஒரு மனு எழுதி, தெருத்தெருவாகச் சுற்றிக்கொண்டிருந்தார். பாட்டு நேரத்தில் பாதி தமிழ்ப் பாட்டுக்கே என்று சட்டம் செய்யவேண்டும், அதுதான் மனு.

"நாளைக்குச் சாயந்திரம் நானே அங்கே பாடப் போறேன்," என்றார் நசுருதீன். " முதல்ல பாடிக் காட்டறேன் மச்சான். இப்பவே கையெழுத்துப் போட்டா கெஞ்சின மாதிரி இருக்கும்."

"பாட்டு சொதப்பிச்சுன்னா?"

"அப்ப என்னை மறுபடி கூப்பிட மாட்டாங்க."

"உன்னை விடு. 'இதுக்குத்தான் பாதி நேரம் கேட்டீங்களா'ன்னு அந்த தர்மராஜ் சிரிப்பாரு."

தர்மராஜுக்கு நிலையத்துக்கு எதிரிலேயே சலவைக்கடை. தெலுங்குக் கீர்த்தனை என்றால் உயிர். மனுவை நீட்டியபோது, "பிடிச்ச பாட்டைக் கேக்கணுமா, சட்டம் போட்ட பாட்டைக் கேக்கணுமா பாய்?" என்று திருப்பி அனுப்பியவர்.

நசுருதீன் வளையல் வியாபாரி. வியாழக்கிழமை தோறும் தர்காவில் தாயிரா தட்டித் தமிழில் பாடுவார். தாயிரா என்றால் சல்லடை மாதிரி வட்டச் சட்டம், ஒரு பக்கம் ஆட்டுத்தோல்.

மறுநாள் விடிந்ததிலிருந்து ஐப்பசி மழை. சாயந்திரம் நிலையத்து வராந்தாவில் தாயிராவின் உறையைப் பிரித்துத் தட்டிப் பார்த்தார். ஈரத்தில் தோல் தொய்ந்து தொப்பென்றது. தர்கா வாசலில் சாம்பிராணிச் சட்டி எப்போதும் கனன்றுகொண்டிருக்கும். போகிற போக்கில் தோலைக் காட்டிவிட்டுத்தான் உட்காருவார். அதைத் தனியாக ஒரு வேலை என்று நினைத்ததே இல்லை. அதனால் தாயிராவைக் கொண்டுவந்தவருக்கு நெருப்பைப் பற்றி நினைப்பே வரவில்லை.

"உள்ளே நெருப்பு கூடாதுங்க, சுவர் பூராவும் துணி," என்றார் அதிகாரி. "இன்னும் அரை மணி இருக்கு. தாயிரா இல்லாம பாடுறீங்களா?"

"அது இல்லாம எனக்குப் பாட்டே எழும்பாதுங்க."

வெளியே ஓடினார். அந்தத் தெருவில் கனல் இருந்த இடம் ஒன்றே ஒன்று.

"என்ன பாய், மனுவா? நனைஞ்சுக்கிட்டு வந்தாலும் போட மாட்டேன்," என்றார் தர்மராஜ்.

"மனு இல்லைங்க. கொஞ்சம் நெருப்பு வேணும்."

தர்மராஜ் தோலை விரலால் சுண்டிப் பார்த்தார். இஸ்திரிப் பெட்டியின் மூடியைத் திறந்தார். கரி சிவந்திருந்தது.

"எட்டப் பிடிங்க. ஒட்டிப் பிடிச்சா பொத்துக்கும்."

"இது கெட்டுப் போனா உங்க கட்சிதானே ஜெயிக்கும்?"

"ஈரத் தோல்கிட்ட ஜெயிச்சு எனக்கென்ன பெருமை? சட்டம் வேணாம்னேன். பாட்டு வேணாம்னா சொன்னேன்? திருப்புங்க அந்தப் பக்கம்."

கொஞ்சம் கொஞ்சமாகத் தோல் இறுகியது. தட்டினார், கணீரென்றது. தர்மராஜ் சூடாறாத வேட்டி ஒன்றை எடுத்துத் தாயிராவைச் சுற்றினார்.

"ஈரக்காத்து படாம கொண்டு போங்க. தாசில்தார் வேட்டி. கறை பட்டுச்சுன்னா நான் கடையை மூடிட்டு எங்க ஊரு வையம்பட்டிக்கே திரும்பிப் போக வேண்டியதுதான்."

பதினைந்து நிமிஷம், மூன்று பாட்டு. கடைசி அடி வரைக்கும் தோல் தொய்யவில்லை. சிவப்பு விளக்கு அணைந்ததும் அதிகாரி கதவைத் திறந்துகொண்டு வந்தார்.

"அடுத்த மாசம் அரை மணி நேரம் தரலாம்னு இருக்கோம். வர முடியுமா?"

"வரேங்க. ஆனா நெருப்பு..."

"வராந்தாவுல ஒரு சட்டி வைக்கச் சொல்றேன்."

பரக்கத் அலி வீட்டு மாடியில் ரேடியோ கேட்ட நஜீமா, கணவர் வருவதற்குள் வீட்டுக்கு வந்துவிட்டாள். அண்ணனும் மனுவோடு கூடவே வந்திருந்தார்.

"கொடுங்க மச்சான், இப்பப் போடறேன்," என்று நசுருதீன் பேனாவை வாங்கினார். "எனக்குக் கதவு திறந்தாச்சு. வரப்போறவன் ஒவ்வொருத்தனும் என்னை மாதிரி அதிர்ஷ்டத்தை நம்பி நிக்க வேணாம்."

அண்ணன் போனதும் நஜீமா சொன்னாள்: "மழையைப் பாத்ததுமே தோல் தொய்யும்னு எனக்குத் தெரியும். முதல் அடி விழற வரைக்கும் எனக்கு மூச்சே வரலைங்க."

"கிளம்பும்போதே சொல்லியிருக்கலாமே."

"சொல்லியிருந்தா பயத்துல பாட்டையும் மறந்திருப்பீங்க."

நசுருதீன் சிரித்துவிட்டார். காலையிலிருந்து ஒரு வாய் இறங்கவில்லை என்பது அப்போதுதான் ஞாபகம் வந்தது.

"சோறு வை, நஜீமா. நிறையவே வை."