கூட்டுக்கு முன்னால் ஒரு கிளை

நாள் முழுக்க அடுத்தவர் கையில் ஊசி குத்தி ரத்தம் எடுப்பது என் பிழைப்பு. சிரித்துக்கொண்டே யாரும் பரிசோதனைக் கூடத்துக்கு வருவதில்லை. வீட்டுக்கு வந்தாலும் ஒரு வருஷமாக அதே கதைதான். என் வீட்டுக்காரர் பேருந்து ஓட்டியவர். முதுகுத் தண்டில் தட்டு விலகிவிட்டது, இனி ஸ்டியரிங்கைத் தொடவே கூடாது என்று டாக்டர் சொன்ன அன்று சுவரைப் பார்த்துப் படுத்தார். சாப்பாடு வைத்தால் சாப்பிடுவார், கேட்டால் "ம்" என்பார். அந்த "ம்"மைக் கேட்டுக் கேட்டு எனக்கு அலுத்துப்போயிற்று.

அவரை எழுப்பியது நானில்லை, ஒரு வல்லூறு. கொல்லைப்புற மரத்தில், எங்கள் மொட்டைமாடி உயரத்தில், அது கூடு கட்டியது. நான் பருந்து என்றேன். "பருந்தா? உனக்குப் பறக்கிறதெல்லாம் பருந்துதான்" என்று கட்டிலில் இருந்தே கத்தினார். பல மாதம் கழித்து அவர் வாயிலிருந்து வந்த முதல் முழுப் பேச்சு அதுதான். திட்டுதான், இருந்தாலும் காதுக்கு இனித்தது. அலமாரியில் கிடந்த கேமராவைத் தூசி தட்டி எடுத்தார். ஒவ்வொரு படியாகப் பிடித்து ஏறி, மாடிப்படி அறை ஜன்னலோரம் நாற்காலியைப் போட்டுக்கொண்டார். தேன்சிட்டு, மரங்கொத்தி என்று கொல்லைக்கு வந்த எதையும் விடவில்லை. வல்லூறு மூன்று குஞ்சு பொரித்தபோது, ஏதோ எங்களுக்கே பேரப்பிள்ளை பிறந்த மாதிரி, என் வேலையிடத்துக்கே போன் போட்டுச் சொன்னார். எனக்கு ஒரே பயம்தான். அந்தக் கூட்டுக்கு ஏதாவது ஆனால் மனுஷன் மறுபடி படுத்துவிடுவார். இன்னொரு வருஷம் அதைத் தாங்க என் உடம்பில் தெம்பு இல்லை.

கூட்டுக்கு முன்னால் ஒரு கிளை நீட்டிக்கொண்டிருந்தது. எப்போது படம் எடுத்தாலும் அதன் இலை ஒன்று தாய்ப்பறவையின் கண்மேல் வந்து உட்காரும். "எல்லாம் இருக்கு, கண்ணு மட்டும் இல்ல" என்று தினமும் புலம்புவார். என் தம்பிக்கு மின்கம்பியில் உரசும் கிளைகளை வெட்டுகிற உத்தியோகம். நான் வீட்டில் இல்லாத நேரம் பார்த்து அவனை வரவழைத்துவிட்டார்.

"ஒரே ஒரு கிளைதான்க்கா. கூட்டைத் தொடவே இல்ல" என்றான் தம்பி, நான் வந்து முறைத்ததும். பொய்யில்லை. நீளக் கம்பில் கட்டிய ரம்பத்தால் சுத்தமாக அறுத்திருந்தான். வேறு ஓர் இலைகூட உதிரவில்லை.

மறுநாள் சாயந்திரம் நான் வாசலில் கால் வைக்கும்போதே கேமராவோடு நின்றார். கூட்டின்மேல் இரண்டு சிறகையும் விரித்து நிற்கிறது வல்லூறு. நெஞ்சுக் கோடுகள்வரை துல்லியம். கண் பளிச்சென்று இருந்தது.

"நமக்குன்னே போஸ் குடுக்குது பாரு! மத்தியானம் பூரா இப்படியே நின்னுச்சு. படம் எடுக்கிறவங்க குரூப்ல போட்டேன், பாராட்டு குவியுது."

நான் செருப்பைக்கூடக் கழற்றவில்லை. நன்றாக இருக்கிறது என்றேன். நன்றாகத்தான் இருந்தது. விடுவாரா, ஒவ்வொரு படமாகப் பெரிதாக்கிக் காட்டினார். கொஞ்ச நேரத்தில் அவர் விரல் நின்றது.

"வாயை மூடவே இல்லையே" என்றார்.

எல்லாப் படத்திலும் அலகு திறந்தே இருந்தது. கேமராவைக் கீழே வைத்துவிட்டு கொல்லைப்பக்க ஜன்னல் வழியாக மரத்தைப் பார்த்தார். கிளை இருந்த இடத்தின் வழியாக மேற்கு வெயில் நேராகக் கூட்டுக்குள் இறங்கிக்கொண்டிருந்தது.

"வெயில்ல மூச்சு வாங்குதும்மா. குஞ்சுங்களுக்கு நிழல் குடுத்துட்டு நிக்குது. நான் அதைப் போய் போஸுன்னேன்."

சாப்பிடவில்லை. போய்ப் படுத்தார், சுவரைப் பார்த்து. எனக்குக் கோபம் கோபமாக வந்தது. அவர்மேல், தம்பிமேல், கண்ணை மறைத்த அந்தப் பாழாய்ப்போன இலைமேல். ஒரு வருஷத்துப் பாடெல்லாம் ஒரு ரம்பத்தில் போச்சே.

காலையில் கொல்லையைப் பெருக்கப் போனேன். மரத்தடியில் ஒரு குஞ்சு கிடந்தது. மூன்றில் சின்னது, வெள்ளைத் தூவிகூடப் போகவில்லை. தொட்டேன், சில்லிட்டிருந்தது. வெயிலா, தவறி விழுந்ததா, யாருக்குத் தெரியும். இதை இவர் பார்த்தால் அவ்வளவுதான். பூந்தொட்டி கிளறுகிற கரண்டியால் அவசரமாகக் குழி தோண்டிப் புதைத்து, மேலே சருகை இழுத்துவிட்டேன். உள்ளே வந்தால் அவர் அதே சுவரைப் பார்த்தபடி படுத்திருந்தார்.

அன்றைக்கு வேலையில் ஒரு பெரியவரின் கையில் நரம்பு கிடைக்காமல் மாற்றி மாற்றிக் குத்தி வாங்கிக் கட்டிக்கொண்டேன். நடுவில் வீட்டுக்குப் போன் செய்தேன். அடித்துக்கொண்டே இருந்தது.

சாயந்திரம் வந்து பார்த்தால் கட்டில் காலி. மாடிக்கு ஓடினேன்.

துணி காயப்போடும் கம்பங்கள் இரண்டுக்கும் நடுவே எங்கள் தடித்த போர்வையை இரண்டாக மடித்துக் கட்டியிருந்தார். அதன் நிழல் சரியாகக் கூட்டின்மேல் விழுந்தது. மாடிப்படி அறை ஜன்னலை அது முழுக்க மறைத்துவிட்டது, இனி அங்கிருந்து ஒரு படமும் எடுக்க முடியாது. காற்றில் போர்வை எழும்பாமல் கீழ் முனையை ஒரு கையால் பிடித்திருந்தார், இன்னொரு கை இடுப்பில். வலி முகத்தில் தெரிந்தது.

"இங்கருந்து ஒண்ணும் தெரியல. கீழ போய்ப் பாத்துட்டு வாயேன், குஞ்சுங்க எப்படி இருக்குன்னு."

இறங்கிப் போய் அண்ணாந்து பார்த்தேன். தாய் இரை தேடப் போயிருந்தது. கூட்டு விளிம்பில் இரண்டு தலை. திரும்பி ஏறும்போது படிக்குப் படி பொய்யை ஒத்திகை பார்த்துக்கொண்டே வந்தேன்.

"மூணும் நல்லா இருக்குங்க."

அவர் போர்வையை விடாமல் என் பக்கம் திரும்பினார்.

"காலையில நீ குழி தோண்டினப்ப ஜன்னல்ல நின்னுட்டிருந்தேன். நீ வர்ற சத்தம் கேட்டுதான் போய்ப் படுத்துக்கிட்டேன்."

"தெரிஞ்சுமா எந்திரிச்சு வந்தீங்க?"

"மிச்சம் ரெண்டு இருக்கே."

அங்கேயே தரையில் உட்கார்ந்துவிட்டேன். ஒரு வருஷமாக அடக்கி வைத்திருந்ததெல்லாம் வந்தது. பக்கத்து வீட்டுக்குக் கேட்கும் என்றுகூடப் பார்க்காமல் அழுதேன்.

"அழுதுக்கோ" என்றார். "பக்கத்துல வந்து உக்காரத்தான் ஆசை. கையை எடுக்க முடியல, காத்து அடிக்குது."